பதினேழாம் நம்பர் முத்திரை

ஓய்வு பெற்ற ஒரே மாதத்தில் அப்பா வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பரிசோதித்து முடித்துவிட்டார். குழாய் சொட்டுகிறது, கதவு உரசுகிறது, அம்மா நறுக்கும் காய் ஒரே அளவில் இல்லை. வால்வு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் பரிசோதகராக இருந்த மனிதர். குறை கண்டுபிடித்தே சோறு தின்றவர் சும்மா இருப்பாரா? தொல்லை தாங்காமல் அம்மாதான் ஒருநாள் கைபேசியை அவர் கையில் திணித்து, ஊர் உலகத்துக் குறையெல்லாம் இதுக்குள்ள கிடக்கு, பாத்துக்கிட்டே இருங்க என்றாள்.

அப்படித்தான் மீம் போட ஆரம்பித்தார். நடிகர் முகமெல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. எதிர்வீட்டுப் பூனை, வளைந்த ஸ்பூன், வாய் பிளந்த செருப்பு என்று தானே படம் பிடிப்பார். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் போடுவார். அங்கிருந்து அது தொழிற்சாலைக்குள் போய்விடும். அதுவரை ஈ காக்கை விசாரிக்காத மனிதருக்கு, யோவ் பதினேழு, சிரிச்சு வயிறு வலிக்குதுய்யா என்று போன்கள் வரத் தொடங்கின.

பதினேழு அவருடைய முத்திரை எண். அவர் கையால் தேறிய ஒவ்வொரு வால்விலும் வட்டத்துக்குள் அந்த எண் இருக்கும். மீமின் வலது மூலையிலும் அதையே போட்டார். முத்திரை இல்லாமல் ஒரு பொருளை வெளியே அனுப்ப அவருக்குக் கை வராது.

அவர் மகளுக்கு அதில் பெருமைதான், தன் கழுத்துக்குக் கத்தி வரும் வரை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில், மேனேஜருக்குக் கீழே, ஒன்றரை வருடமாகத் தற்காலிக வேலை. இந்த வெள்ளிக்கிழமை அவளை நிரந்தரமாக்கும் ஆணையில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன வாரம் சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பெண்கள் கழிவறைக்குப் போய்வர இனி ஏழு நிமிடம்தானாம். மேனேஜர் சொல்லச் சொல்ல அவள்தான் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தாளாம். இன்னும் யாருக்கும் தெரியாது, வெளியே விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னாள். அப்பா தலையாட்டினார். சாப்பிட்ட கை காய்வதற்குள் மறந்தும் போனார்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலை முழுக்க ஒரு கோழி சுற்றியது. கூடையில் உட்கார்ந்திருக்கிறது, தலைக்கு மேலே கடிகாரம். ‘ஏழு நிமிஷம் முடிஞ்சுது. மீதி முட்டைய நாளைக்குப் போட்டுக்கலாம், எழுந்து வா.’ மூலையில் வட்டத்துக்குள் பதினேழு. மேனேஜரின் மனைவிக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள்.

மேனேஜர் வந்து எட்டு மாதம்தான். பழைய ஆட்களைத் தெரியாது. பரிசோதகர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பதினேழுக்கு நேரே ஒரு பெயர் இருந்தது. அது அப்பாவின் பெயர் அல்ல.

அது யார் என்று மகளுக்குத் தெரியும். அப்பா போனதும் அந்த எண்ணை ஒப்பந்தத்தில் வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். கழிவறை வாசலில் நின்று நேரம் குறிக்க வேண்டும் என்று மேனேஜர் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்ததும் அவளிடம்தான். சேதி தெரிந்தவள், முத்திரையும் அவளுடையது. வேறென்ன சாட்சி வேண்டும்? மீம் எப்படிப் போடுவது என்றே தெரியாது சார் என்று அவள் உள்ளே அழுதது வெளியே கேட்டது. பிறகு வெளியே வந்து, முத்திரையை மடியில் வைத்துக்கொண்டு, மகளின் மேஜைக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். பணிநீக்கக் கடிதத்தை மகளைத்தான் தட்டச்சு செய்யச் சொன்னார் மேனேஜர்.

மகள் மாடிப்படிக்கு ஓடிப் போய் அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“என் நம்பர இன்னொருத்திக்கு எப்படிக் குடுப்பாங்க?” என்றார் அப்பா. முதலில் அதுதான் வந்தது வாயில்.

“நம்பர் கிடக்கட்டும்ப்பா. அந்தப் பொண்ண வேலைய விட்டுத் தூக்குறாங்க. லெட்டர நான்தான் அடிக்கிறேன்.”

மறுமுனையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, புறப்பட்டு வருகிறேன் என்றார். நீங்கள் வந்தால் சேதி எங்கிருந்து போனது என்று கேட்பார்கள், என் வேலை போய்விடும் என்று மகள் கெஞ்சினாள்.

“நான் பண்ண தப்ப ஒருநாளும் அடுத்தவங்க தலையில கட்டுனதில்லம்மா.”

“அப்ப என் தலைதான் கிடைச்சுதா உங்களுக்கு?”

அவர் போனை வைத்துவிட்டார்.

நான்கு வரிக் கடிதம். இரண்டு மணி நேரமாக மகள் அதை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். எதிரே இருந்தவள் கழிவறைக்குக்கூட எழுந்து போகவில்லை.

வாசலில் இருந்து காவலாளி போனில் கூப்பிட்டார். பழைய ஆள், குடும்பத்தையே தெரிந்தவர். “உங்கப்பா வந்திருக்காரும்மா. மேனேஜரப் பாக்கணுமாம். உள்ள விடவா?”

பெஞ்சைப் பார்க்காமல் இருக்க அவள் சுவரைப் பார்த்தாள். “வேணாம்ண்ணே. சார் மீட்டிங்ல இருக்காரு.”

மீட்டிங்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மேனேஜர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் இருக்கும். கீழே எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து, சட்டென்று அடங்கியது. அவள் கைபேசியும் அதிர்ந்தது. இந்த முறை பூனையும் இல்லை, கோழியும் இல்லை. அப்பாவின் முகம். கோணலாக, நெற்றி வியர்த்து, பின்னால் கேட்டின் கம்பிகள். மேலே, ‘கோழி என்னுது. பழைய பதினேழு நான்தான்.’ கீழே, ‘கேட்டுல நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்குறாங்க.’ மகளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

பெஞ்சில் இருந்தவளுக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். அவள் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“இவரு யாருங்க?”

தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பத்தான் செய்தது.

“எங்கப்பா,” என்றாள் மகள். “சேதிய அவருக்குச் சொன்னது நான்.”

பெஞ்சில் இருந்தவள் அழவில்லை, திட்டவில்லை. நன்றி சொல்லவும் இல்லை.

“ரெண்டு மணி நேரமா உங்களுக்கு எதிர்லதானே உக்காந்திருக்கேன்,” என்றாள்.

உள்ளே மேனேஜரின் மணி அடித்தது. இருவருமே எழுந்தார்கள்.