வீட்டுக்காரர் யாருங்க?

வீட்டுக்கு விலை போட ஆள் வருகிறார் என்றால் கூட்டிப் பெருக்குவார்கள், ஒட்டடை அடிப்பார்கள், கிழிந்த திரையை மாற்றுவார்கள். நியாயம்தான். வீட்டுக்கு உரியவளையே ஒளித்து வைக்கப் பார்த்தார்களே, அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

டிக்கெட்டக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் நிலையத்தில் மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறாள். வரிசையில் நிற்பவர்களுக்கு அவள் முகமும் கையும்தான் தெரியும், சக்கர நாற்காலி தெரியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கால் இரண்டும் போச்சு, அதற்கும் சேர்த்து வாய் வளர்ந்துவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் வீடு. பத்திரமும் அவள் பேரில்தான்.

புருஷன் தச்சு வேலை செய்பவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். வீடு வாங்கிய முதல் வாரமே வாசலின் மூன்று படிகளை ஒட்டி, சுவரோரமாகப் பன்னிரண்டடி நீளத்துக்குச் சரிவாகப் பலகை போட்டுக் கொடுத்தார். சக்கரம் வழுக்காமலிருக்கப் பெயின்டில் மணலைக் கலந்து பூசினார். சமையல் மேடையை இடித்து, அவள் உட்கார்ந்தபடி சமைக்கிற உயரத்துக்கு இறக்கினார். ஆறடி ஆள் அவர். அந்த மேடையில் குனிந்து பாத்திரம் கழுவிக் கழுவி இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், தம்பி என்று வந்துவிட்டால் மட்டும் பேச நாக்கில்லாமல் போய்விடுவார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு.

தம்பிக்கு பேனர் அடிக்கிற மெஷின் வாங்க வேண்டும். கடன் கொடுக்க பேங்க் ஈடு கேட்டது. வீட்டை வைக்க முடியுமா என்று அண்ணியிடம் வந்து நின்றான். அதுவரை நாலு தொழில் பார்த்து நாலையும் பாதியில் விட்டவன். டிக்கெட்டக்கா இரண்டு நாள் யோசித்தாள். ஐந்தாவதிலாவது காலூன்றட்டும், கூடப் பிறந்ததாக நினைத்துக்கொள்வோம் என்று சரி சொன்னாள்.

மறுநாளே கொழுந்தன் வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதைதான். போனில் ஏதேதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, தெருவிலிருந்து கண்ணில் படுகிற சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தான். சினேகிதன் கடையிலிருந்து சோபா ஒன்றை இரவல் வாங்கிக் கூடத்தில் போட்டான். குளியலறையில் அவன் அடித்த வாசனையில் அண்ணன்காரர் காலை முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம் என்று டிக்கெட்டக்கா சிரித்தாளே தவிர, தடுக்கவில்லை. அவன் பலகையிடம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. வாசலில் அதைப் பார்த்ததுமே இது வீடா ஆஸ்பத்திரியா என்று, விலை போட பேங்க் அனுப்புகிற வேல்யூவருக்குத் தோன்றிவிடும், விலையைக் குறைத்துவிடுவார், இரண்டே நாள் கழற்றி வைப்போம் என்றான்.

"அதுல கை வச்சா கடன் பேச்சையே மறந்துடு. பலகையோட சேர்த்துத்தான் என் வீடு" என்றாள்.

கொழுந்தன் உடனே தலையை ஆட்டினான். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டுகிறவனை நம்பியிருக்கக் கூடாது.

புதன்கிழமை மூன்று மணிக்கு வேல்யூவர் வருவதாக ஏற்பாடு. டிக்கெட்டக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் நிலையத்திலிருந்து இரண்டு தெருவையும் தானே தள்ளிக்கொண்டு இரண்டரைக்கெல்லாம் கேட்டுக்குள் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பலகையைக் காணோம். அது இருந்த இடத்தில் வரிசையாகப் பூந்தொட்டி. துடைத்துவிட்ட மூன்று படிகள் பளபளவென்று மின்னின.

கொழுந்தன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடி வந்தான். கோபப்படக் கூடாது, பலகை பின்பக்கம் பத்திரமாக இருக்கிறது, ஒரு மணி நேரத்து விஷயம் என்று மளமளவென்று சொன்னான். அண்ணியை அண்ணன் தூக்கிக்கொண்டு போய் சோபாவில் உட்கார வைத்துவிடுவாராம். நாற்காலியைப் பின்னறையில் போட்டுப் பூட்டிவிடலாமாம். வேல்யூவருக்கு வித்தியாசமே தெரியாதாம். மடிக்குப் போர்த்திக்கொள்ள ஒரு சால்வைகூட வாங்கி வைத்திருந்தான், மகராசன்.

டிக்கெட்டக்கா அவனைப் பார்க்கவில்லை. படியோரத்துச் சுவரைத்தான் பார்த்தாள். பலகையைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளில் ஒரு கீறல் இல்லை. எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று தெரிந்த கை கழற்றியிருக்கிறது. கொழுந்தன் உடைத்துப் பிடுங்கியிருந்தால் நாலு திட்டு திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள். போட்டுக் கொடுத்தவரே கழற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் வாசற்படியில் நின்று தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து வேல்யூவர் வந்து சேர்ந்தார். கையில் அட்டை, அதில் செருகிய படிவம், இடுப்பில் அளவு டேப். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"வீட்டுக்காரர் யாருங்க?"

கொழுந்தன் அண்ணனைக் கை காட்டினான். அண்ணனும் பாவி, கையைப் பாதி தூக்கினார். 

"அவரு என் வீட்டுக்காரர். வீட்டுக்குக் காரி நான்" என்றாள் டிக்கெட்டக்கா. "பத்திரத்துல பேரைப் பாருங்க சார்."

வேல்யூவர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற குரலில், அப்படியானால் உள்ளே போய் ஆரம்பிக்கலாமா என்றார்.

"நீங்க போகலாம், கதவு திறந்துதான் கிடக்கு. நான்தான் போக முடியாது. அதையும் எழுதிக்கோங்க. வாசலுக்கு மூணு படி, வீட்டுக்காரியால உள்ள போக முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு உங்க கணக்குல என்ன விலை வரும்?"

வேல்யூவர் பேனாவை மூடிவிட்டார். கொழுந்தன் சிரித்துச் சமாளித்துக்கொண்டே அண்ணனின் முதுகில் கை வைத்துத் தள்ளினான். புருஷன் படியிறங்கி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு தடவைதானே, தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அவள் காதோடு சொன்னார்.

"நீங்க தூக்கிட்டுப் போய் வச்சா, அந்த சோபா மாதிரி நானும் ஒரு சாமான்" என்றாள். "இந்த வீட்டுக்குள்ள இதுவரைக்கும் என்னை யாரும் தூக்கிட்டுப் போனதில்ல. அதுக்காகத்தான அந்தப் பலகை போட்டீங்க? மறந்துடுச்சா?"

அவர் எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஏதோ கனமாக இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத குரலில், "டேய், வந்து ஒரு முனையைப் பிடி" என்று தம்பியை அதட்டினார். கொழுந்தனுக்கே தூக்கிவாரிப் போட்டது. போனான்.

இஸ்திரி சட்டை முழுக்கத் தூசியும் கரியுமாக அவன் ஒரு முனையையும் அண்ணன் மறுமுனையையும் தூக்கி வந்தார்கள். பூந்தொட்டிகளைக் காலால் ஒதுக்கினார்கள். இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்த வேல்யூவரும், ஒவ்வொரு போல்ட்டும் முறுக்கி முடிகிறவரை சும்மா நின்றார். இருபது நிமிஷம் ஆயிற்று. புருஷன் பலகையில் ஏறி நின்று இரண்டு குதி குதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். அவருடைய கண் சிவந்திருந்தது.

டிக்கெட்டக்கா சக்கரத்தைத் தள்ளி மேலேறினாள். வாசலில் நாற்காலியைத் திருப்பி மூவரையும் பார்த்தாள்.

"இப்ப வாங்க சார். அளந்துடலாம்."

கொழுந்தன் மூச்சு விட்டான். கையெழுத்து எப்போது போடலாம் அண்ணி என்று மெல்லக் கேட்டான்.

"எந்தக் கையெழுத்து?" என்றாள். "ஈடும் கிடையாது, கடனும் கிடையாது. என்னை ஒளிச்சு வச்சுத்தான் ஒரு தொழில் ஆரம்பிக்கணும்னா, அதை வேற யாரு வீட்லயாவது ஆரம்பி."

கடனே இல்லையென்றால் மதிப்பு எதற்கு, வீண் வேலைதானே என்று வேல்யூவர் தயங்கினார்.

"வந்தது வந்துட்டீங்க. என் வீடு, என்ன விலைன்னு எனக்குத் தெரியணும். சமையல் மேடை தாழ்வா இருக்கும், அதுக்குக் குறைக்கணும்னா குறைச்சுக்கோங்க. நான் மாத்தப் போறதில்ல. முதல்ல இந்தப் பலகையை அளங்க."

வேல்யூவர் தலையைச் சொறிந்தார். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கட்டடக் கணக்குல வராதும்மா. இதுக்குக் கட்டமே இல்ல."

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க."

அவர் சிரித்துவிட்டார். டேப்பை உருவி ஒரு முனையை வாசல் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். கொழுந்தன் நகரவில்லை. புருஷன் அந்த முனையை வாங்கிக்கொண்டு பலகையின் அடிவரை போய், தரையில் மண்டி போட்டுப் பிடித்தார். அளவைப் படித்துவிட்டு, "பன்னிரண்டடி" என்று கீழேயிருந்து சத்தமாகச் சொன்னார்.

"எழுதுங்க சார்" என்றாள் வீட்டுக்காரி.