சிலுவையில் எழுதிய பேர்

நாற்பத்து நாலாம் வருசம் கல்லறைத் திருநாளன்று, பொழுது சாயும் நேரத்தில் சவரியப்பன் ஊர் வந்து சேர்ந்தான். பாலவனத்தத்திலிருந்து நடந்தே வந்தவன், கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திகள் எரிவதைப் பார்த்து, அம்மாவுக்கு ஒரு செபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாமென்று வேலியைத் தாண்டினான். அம்மாவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த சிலுவை ஒன்று நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்தான். சவரியப்பன், ரங்கோன், 1941. அதன் முன்னால் குனிந்து, கையால் காற்றை மறைத்துத் திரி ஏற்றிக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி ஞானப்பூ.

பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் நிமிர்ந்தாள். ரங்கோனில் குண்டு விழுந்தபோது அவன் முகத்தில் பாதி வெந்து, இமை கன்னத்தோடு ஒட்டிப்போயிருந்தது. முப்பத்திரண்டு வயதுக்குத் தலை முழுக்க நரை. குரல் மட்டும் பழைய குரல். அவள் கையிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. சுற்றி நின்ற பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசரைப் பற்றிக் காலைப் பூசையில் கேட்டு அழுதவர்கள்தான். இப்போது ஒருத்தியும் அவன் பக்கம் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

உபதேசியார் ஜான்ராஜ் அவனைக் கோயில் முற்றத்தில் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். பர்மாவிலிருந்து தப்பி வந்த ஒருத்தன், சவரியப்பன் செத்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்லியிருக்கிறான். பிறகு தம்பி யாக்கோபுக்கும் ஞானப்பூவுக்கும் முடிச்சுப்போட பங்குச் சாமியார் மேலிடத்தில் உத்தரவு வாங்கிவந்தார். போன வருசம் தையில் கல்யாணம். பிள்ளையும் ஒன்று இருக்கிறது.

"மூணு ஞாயித்துக்கிழமை பூசையில கல்யாண ஓலை வாசிச்சோம்ப்பா. தடை இருந்தா சொல்லுங்கன்னு கேட்டோம். யாரும் வாயத் தொறக்கல."

சவரியப்பனுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. செத்தவனுக்காக எத்தனை நாள் காத்திருப்பாள்? நீதான் அவன் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதுமென்றிருந்தது.

பேயா மனிதனா என்று தகப்பன் தொட்டுச் சொல்லட்டும் என்றது ஊர். கண் தெரியாத ஐயாவை யாக்கோபு கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். கிழவரின் விரல்கள் வெந்த கன்னத்தில் ஊர்ந்து, தோளில் இறங்கி, இடது கைக்கு வந்தன. கட்டைவிரலடியில் ஒரு தழும்பு. எட்டு வயதில் சோளக்கதிர் அறுக்கையில் அரிவாள் பட்டது. மஞ்சளை அப்பித் துணி சுற்றியவர் அவர்தான். விரல் அந்த இடத்தில் நின்றது. ஒருதரம் அழுத்தியது. 

வீட்டுப் பக்கமிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. கிழவர் முகத்தை அங்கே திருப்பினார்.

"கொரலு அவன் கொரலு மாதிரித்தான் இருக்கு. கை எம் மகன் கையில்ல."

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். குருட்டு ஈசாக்கைத் தடவவிட்டு, அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீரை யாக்கோபு வாங்கிப்போன கதையை இந்த அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அந்தக் கதையில் தகப்பன் ஏமாந்தான். இங்கே தகப்பன் ஏமாறவில்லை என்பது, அழுத்திய விரலுக்கும் சவரியப்பனுக்கும் தெரியும்.

அன்றிரவு கோயில் வாசலில் படுத்துக்கொள்ள விட்டார்கள். விடிந்ததும் யாக்கோபு கம்பங்கஞ்சி கொண்டுவந்து வைத்தான். பக்கத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"கல்கத்தாவுலயே இருந்திருக்கலாம்லண்ணே."

சவரியப்பனின் கை கலயத்தில் நின்றுவிட்டது. கல்கத்தா என்று அவன் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரனைக் கொண்டு எழுதிப்போட்ட இரண்டு கடிதங்களில்தான் அது இருந்தது. முதல் கடிதம் போட்டது ஓலை வாசிப்பதற்கு மூன்று மாதம் முந்தி.

"ரெண்டும் வந்துச்சா?"

யாக்கோபு தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஐயாவுக்குத்தான் படிச்சுக் காட்டுனேன்."

சவரியப்பன் கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். இரண்டு நாள் பசி. கலயத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, திருச்சுழிப் பாதையில் நடக்க ஆரம்பித்தான். ஊரின் கடைசி வீடான தங்கள் வீட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"சவரி."

ஞானப்பூவின் குரல். அவன் சட்டென்று திரும்பினான்.

அவள் வாசலில் குத்தவைத்து இரண்டு கைகளையும் விரித்திருந்தாள். பாதையை அவள் பார்க்கவே இல்லை. எதிரே அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய ஒரு பிள்ளை, இரண்டடி வைத்துப் பொத்தென்று உட்கார்ந்தது.

"சவரி, எந்திரிச்சு வாய்யா."

பிள்ளை மண்ணில் கையூன்றி எழுந்தது. தள்ளாடி, சிரித்து, மறுபடி நடந்தது.