ஏபெர்லே அம்மாளும் மீந்த வெந்நீரும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் ஓய்வூதியத்தின் மேல் சத்தியம் செய்கிறேன். ஷ்டுட்கார்ட்டில் முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டிய வுர்ஸ்டர் நான். தண்டவாளத்தை விட்டு ஓர் அங்குலம் விலகியதில்லை. இதிலும் விலக மாட்டேன்.

எங்கள் கட்டிடத்தில் படிக்கட்டைச் சுத்தம் செய்வது முறை வைத்து நடக்கும். ‘பெருக்கும் வாரம்’ என்று எழுதிய மரப்பலகை யார் வீட்டுக் கதவுப் பிடியில் தொங்குகிறதோ, அவர் அந்த வாரம் முழுதும் பெருக்கி, சனிக்கிழமை நிலவறை வரைக்கும் ஈரத்துணி போட்டுத் துடைத்து, பலகையை அடுத்த வீட்டில் மாட்ட வேண்டும். கல்யாணம், சாவு எதற்கும் விலக்கு இல்லை. என் மனைவி இறந்த வாரம் பலகை எங்கள் கதவில்தான் இருந்தது. துடைத்தேன்.

எனக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், ஏபெர்லே அம்மாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. துணைக்குப் பேட்டர்லே என்ற சாம்பல் வரிப் பூனை. ஞாயிறுதோறும் காபிக்கு என்னைக் கூப்பிடுவாள். ஷூவை வெளியே விட்டுவிட்டு, அவள் தரும் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடியும்.

பூனை என்றால் கதவு நிலையில், நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்க்கும். தன் வாசனையைத் தடவி, இது என் வீடு என்று அது எழுதி வைக்கிறது. அம்மாள் கண்ணுக்கு அது அழுக்கு. வினிகர் கலந்த வெந்நீரில் துடைப்பாள். பேட்டர்லே மறுபடி தேய்க்கும். அவள் மறுபடி துடைப்பாள். அதன் போர்வையைத் தினமும் வெளுப்பாள். அது ஒதுங்கும் மணல் தட்டை நாளுக்கு நாலு தடவை கழுவுவாள்.

முதலில் பூனைக்கு முடி உதிர்வது நின்றது. அம்மாளுக்கு அதில் பெருமை. ஜனவரியில் அது பால்கனிப் பனிமேல் அந்தக் கோடிவரை நடந்து திரும்பியது. பனியில் ஒரு தடம்கூட இல்லை. அதை அம்மாளிடம் சொன்னேன்.

“என் பிள்ளைக்குக் கால் சுத்தம், வுர்ஸ்டர். எல்லாரும் உங்கள மாதிரி சேத்தோடயா வருவாங்க?” என்றாள்.

பிப்ரவரியில் பேட்டர்லே ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தால், அதன் வழியாகப் பூந்தொட்டி தெரிந்தது. என் மடியில் ஏறினால் கனமே இல்லை. தொடை சில்லிட்டது, அவ்வளவுதான். மிருக டாக்டர் வந்து எடைக்கருவியில் வைத்தார். பூஜ்ஜியம். இரண்டு தரம் பேட்டரி மாற்றிப் பார்த்தார். பிறகு கருவியை மூடிவிட்டு, இது தடவி வைப்பதைத் தினமும் நீங்கள் அழிக்கிறீர்கள், தனக்கு வீடு இருக்கிறது என்பதே இதற்கு இப்போது தெரியவில்லை, ஒரே ஓர் இடத்தையாவது துடைக்காமல் விடுங்கள் என்றார்.

அவர் போன பிறகு அம்மாள் எடைக்கருவி இருந்த இடத்தைத் துடைக்கப் போய், பாதியில் துணியைக் கீழே வைத்தாள்.

“இதுவும் போயிட்டா நான் யாருக்காகத் தொடைக்கிறது, வுர்ஸ்டர்?”

சமையலறைக் கதவு நிலையில், முழங்காலுக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்தில் பழுப்பாக ஒரு கறை. அதை விட்டுவைப்பது என்று முடிவானது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேட்டர்லே தினமும் அங்கே கன்னம் தேய்த்தது. பத்தாம் நாள் என் கால்சட்டையில் மூன்று முடி. அம்மாள் அவற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்து வைத்தாள். ஈஸ்டருக்கு முன்னால் ஈரப் பால்கனித் தரையில் நாலு பாதம் பதிந்தது. என்னைப் படிக்கட்டில் நின்று கூப்பிட்டாள். நான் ஷூவோடு உள்ளே ஓடினேன். அவள் கவனிக்கவே இல்லை.

அப்புறம் பலகை அவள் முறைக்கு வந்தது.

சனிக்கிழமை பிற்பகல். நிலவறைவரை துடைத்து முடித்தாள். வாளியில் பாதித் தண்ணீர் மீந்தது. இன்னும் சூடு. வேறு ஊர்க்காரர்கள் கொட்டிவிடுவார்கள். நாங்கள் இந்த வட்டாரத்து ஸ்வேபியர்கள், சூடான தண்ணீரைச் சாக்கடைக்குக் கொடுக்க எங்களுக்குக் கை வராது. வாளியோடு வீட்டுக்குள் போனாள்.

கீழே நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து பூனையின் குர்ர்ர் சத்தம் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அது நடுவில் நின்றது.

மேலே ஏறினேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கிண்ணத்தில் தீனி அப்படியே இருந்தது. கதவு நிலை புதுப் பெயின்ட் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மாள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“கை தானா போச்சு. தண்ணி சூடா இருந்துச்சு,” என்றாள்.

அன்று பலகையை அடுத்த வீட்டில் மாட்ட மறந்தாள். எங்கள் கட்டிடத்தில் இப்படி நடந்ததே இல்லை. மறுநாளிலிருந்து மண்டியிட்டு, நிலையில் தன் கன்னத்தைத் தேய்த்தாள். தோல் சிவந்ததுதான் மிச்சம். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் கைரேகைகளுக்கு அடியில் பேட்டர்லேயின் வாசனை எங்காவது ஒளிந்திருக்கும் என்று, தான் தொட்ட இடங்களையெல்லாம் துடைக்க ஆரம்பித்தாள். விளக்கு ஸ்விட்ச், நாற்காலிக் கை, காபிக் கோப்பை, புருஷனின் படம்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போனேன். கம்பளிச் செருப்பு வாசலில் இருந்தது. காபி சூடாக இருந்தது. அம்மாள் எதிரே உட்கார்ந்தாள். அவள் வழியாக அலமாரித் தட்டுகளை எண்ண முடிந்தது. பன்னிரண்டு. இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை. இரண்டு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை படிக்கட்டு பளபளத்தது. எங்கும் வினிகர் வாசனை. யாரும் இறங்கிய சத்தம் கேட்கவில்லை. பலகை என் கதவில் தொங்கியது. அதன் வார்னிஷ்மேல், மங்கலாக, அம்மாளின் கட்டைவிரல் ரேகை ஒன்று.

என் வாரம் ஒழுங்காகவே போனது. கடைசி நாள், நிலவறைவரை துடைத்துவிட்டுப் பார்த்தால் வாளியில் பாதி வெந்நீர். நானும் இந்த ஊரில் பிறந்தவன்தானே. பலகையையும் ஒரு துடை துடைத்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு மேலே சத்தமே இல்லை.

இப்போது எங்கள் கட்டிடத்துக்கு இரண்டே மாடி.