ஒரு டொலர் ஓர்கன்

அந்த ஓர்கன் வாத்தியத்தின் விலை ஒரு டொலர். மொன்ட்ரியாலில் அந்தக் காசுக்கு ஒரு கோப்பிகூட வராது. ஆனாலும் இவ்வளவு பாடுபட்டு நான் வேறெதையும் வாங்கியதில்லை.

நான் சுன்னாகம் சந்தையில் வளர்ந்தவன். "கட்டாது அண்ணை" என்று எழும்பி நடக்கவும், கூப்பிடுகிறார்களா என்று காதைப் பின்னால் விட்டுப் போகவும் அப்பாதான் பழக்கினார். இங்கே இடிக்கப்போகும் கட்டடங்களின் கதவு, விளக்கு, கதிரைகளை வாங்கி விற்கிறேன். காசே வேண்டாம் என்பவரிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று அப்பா சொல்லித் தரவில்லை.

மொன்ட்ரியாலின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த றோசா அப்படிப்பட்டவர். மொன்ட்ரியால்-நோரில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை இடித்தபோது, பேசாப் படங்களுக்கு வாசித்த குழல் ஓர்கனை அவருடைய கணவர் வின்சன்ட் காப்பாற்றிக் கொண்டுவந்து வீடு முழுக்கப் பொருத்தியிருந்தார். அலுமாரிக்குள் குழல்கள், நிலவறையில் காற்றூதும் மோட்டர், சமையல் குசினிக்கு மேலே குதிரைக் குளம்புச் சத்தம் போடும் பெட்டி. வின்சன்ட் போன வருடம் இறந்துபோனார். வீடும் விலைப்பட்டுவிட்டது. ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறும் அந்த நாளில், றோசா முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் குழல்கள் பழைய ஈயமாக நிறுவைக்குப் போகும்.

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் குடுப்பன். அதுதான் விலை," என்றார். சொன்னது பிரெஞ்சில், எனக்கு எந்தப் பிரெஞ்சும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும்.

"ஏன் மேடம்?"

"சுருதி சேர்க்க ஒராள் அலுமாரிக்குள்ளை நிக்கோணும், மற்றாள் வெளியிலை வாசிக்கிற கட்டையை அமத்தோணும். தனி ஆளிட்டைப் போனா ஊமையாப் போடும். வின்சன்ட் உள்ளுக்கை நிண்டு 'அடுத்தது' எண்டுவார். நான் அடுத்ததை அமத்துவன். எங்கடை சீவியமே அப்பிடித்தான் போனது."

இல்-பிசாரில் பெரிய வீடு வைத்திருக்கும் ரவிசங்கரைப் பிடித்தேன். சென்னைக்காரர், ஓய்வுபெற்ற இருதய டொக்டர். பிள்ளைகள் டொரொன்டோவில், வீட்டில் அவரும் மனைவி அனுசூயாவும் மட்டும். தலைக்கணக்குச் சரி. ஆனால் றோசா வீட்டுக்கு அனுசூயா வந்தது வேண்டாமென்று சொல்வதற்குத்தான் என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது.

"போன வருஷம் டெலஸ்கோப் வாங்கினார். அதுல இப்ப துண்டு காயுது," என்றார் என்னிடம். "இதுல பெட்ஷீட்டே காயப்போடலாம்."

றோசாவுக்குத் தமிழ் விளங்காது. கழற்றுவதற்கு முன் எல்லாக் குழலும் ஊதுகிறதா என்று பார்க்கவேண்டுமாம். டொக்டரை அலுமாரிக்குள் அனுப்பினார், அனுசூயாவைக் கட்டைகளுக்கு முன் இருத்தினார்.

"அடுத்தது!" உள்ளேயிருந்து டொக்டர்.

"எந்த அடுத்தது? கறுப்பா, வெள்ளையா?"

"பக்கத்துல எது இருக்கோ அது!"

"கல்யாணமான நாள்லேர்ந்து இப்படித்தான் பதில் சொல்றீங்க."

கோபத்தில் அவருடைய கை வேறெதிலோ பட்டது. குசினிக்கு மேலே குதிரை ஓடியது. அலுமாரிக்குள் எதுவோ இடிபட்ட சத்தம்.

"அனு! என்னது அது?"

"குதிரை. உங்கள ஏத்திட்டுப் போக வந்திருக்கு."

உள்ளே சிரிப்பு, பிறகு வெளியேயும். அதற்குப் பிறகு இருவரும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டார்கள். கட்டை, குழல், அடுத்தது. கட்டை, குழல், அடுத்தது. ஒருமுறை அனுசூயா மூக்குக்கண்ணாடியைத் துடைக்க நிறுத்தினார். உள்ளேயிருந்து குரல் இறங்கி வந்தது.

"அனு... இருக்கியா?"

"இங்கதானே இருக்கேன்."

றோசா என் சட்டைக் கையைப் பிடித்தார். "என்ன கேட்டவர்?"

சொன்னேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வின்சன்டும் கேக்கிறவர்."

கடைசிக் கட்டை குருவிக்குஞ்சு போலக் கீச்சிட்டது.

"அடுத்தது!"

"இனிமே கட்டையே இல்ல. வெளிய வாங்க."

டொக்டர் தலை முழுக்க நூலாம்படையோடு வந்தார். அனுசூயா அதைக் கையாலேயே தட்டிவிட்டபடி, "ஹால்ல வேணாம். பேஸ்மென்ட்ல வச்சுக்கலாம்," என்றார்.

றோசா உள்ளங்கையை நீட்டினார். "ஒரு டொலர். சும்மா தந்தா நன்றி சொல்லுவினம். இண்டைக்கு அதைக் கேக்க எனக்கு ஏலாது."

ஏற்றும்போது நானே எண்ணினேன்: ஐந்நூற்றுப் பன்னிரண்டு குழல்கள். இல்-பிசாரில் இறக்கும்போது ஒன்று குறைந்தது. வாகனத்தைக் கவிழ்க்காத குறையாகத் தேடிவிட்டு றோசாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ரை கைப்பையிலை கிடக்கு," என்றார் அமைதியாக. "அந்தக் கடைசிக் குழல் ஊதினாப் பிறகுதான் வின்சன்ட் வெளியிலை வாறவர். அதை மட்டும் குடுக்க மனம் வரேல்லை. சுருதி சேர்க்கிற நாளைச் சொல்லுங்கோ, கொண்டுவாறன்."

ஒக்டோபரில், சுருதி சேர்க்கிற நாளில், றோசாவை நான்தான் கூட்டிப்போனேன். எல்லாக் கட்டையும் முடிந்தபின் கைலேஞ்சித் துணியில் சுற்றியிருந்த, பென்சில் அளவான குழலை எடுத்து டொக்டரிடம் கொடுத்தார். அவர் உள்ளே போய்ப் பொருத்தினார். அந்தக் கட்டையை அமத்த அனுசூயா எழும்பி றோசாவுக்கு இடம் விட்டார். கீச்சென்றது. டொக்டர் வெளியே வந்தார். குழலைக் கழற்றித் துடைத்து, றோசாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

கணக்கு இதுதான். விலை ஒரு டொலர், கட்டியாயிற்று. ஏற்றுக்கூலி டொக்டர் தந்தார். றோசாவை ஏற்றி இறக்கும் பெட்ரோல் என்னுடையது, அதை எழுதுவதில்லை. ஒப்படைத்த குழல்கள் ஐந்நூற்றுப் பதினொன்று.

பாக்கி ஒன்று. வசந்தத்தில் அடுத்த தடவை சுருதி சேர்த்த பிறகும் அது பாக்கியாகவே நிற்கும்.