வாசல் தாண்டாத கல்யாண கவுன்

இஸ்ரேலின் ஓஃபாகிம் ஊரில் அந்தத் தெருவுக்கே தையல்காரி சோஹராதான். வீட்டில் சுவருக்குச் சுவர் கண்ணாடி. யூத வழக்கப்படி சாவு வீட்டில் கண்ணாடி திறந்திருக்கக் கூடாது; அண்ணன் மக்லூஃப் செத்த அன்று அத்தனையையும் மூடப் போர்வை போதவில்லை. கூடத்து ஆளுயரக் கண்ணாடிக்கு மாதுளம்பழம் போட்ட மேசைவிரிப்பைக் கட்டினார்கள். அதன் பக்கத்தில், ஓர்லி துணி கொடுத்துத் தைக்கச் சொன்ன கல்யாண கவுன் தொங்கியது.

நாளைக்கு அவளுக்குக் கல்யாணம். துக்கத்தின் ஏழு நாளும் முடிகிறவரை சாவு வீட்டிலிருந்து ஓர் ஊசிகூட வெளியே போகக் கூடாது.

"போற எடத்துக்குச் சாவையும் கூட்டிட்டுப் போகும்," என்றாள் பக்கத்து வீட்டு ஃப்ரேகா. "கூஸ்கூஸ் கொண்டாந்த என் சட்டியே இங்கதான் கெடக்கு. கவுனு எம்மாத்திரம்?"

தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்த சோஹராவுக்கும் அந்தப் பயம் இருந்தது. தன் வீட்டுச் சாவு அந்தப் பெண்ணைத் தொட்டுவிட்டால்? கவுன் போகாவிட்டால் அவள் எதைக் கட்டிக்கொண்டு நிற்பாள்?

ஓர்லியே வந்து நின்றாள். தாய் பயந்துகொண்டு தெருவிலேயே நின்றுவிட்டாளாம்.

"வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கறேன் அத்தை. நீங்க கவலப்படாதீங்க." வாய்தான் சொன்னது, கண் கவுனை விட்டு நகரவில்லை.

சோஹரா பக்கத்து வீட்டுக்காரி பக்கம் திரும்பினாள். "ஃப்ரேகாக்கா, நீங்க திரும்பிப் போறப்ப உங்க பாவாடைய இங்க அவுத்து வெச்சிட்டா போறீங்க?"

"சீ! என்னடி பேச்சு இது?"

"சொல்லுங்க."

"அது நான் உடுத்திட்டு வந்தது."

"இந்தத் துணியும் அவ கொண்டாந்ததுதான். உடுத்திட்டே நடந்து போவட்டும். யாரும் எதையும் தூக்கிட்டுப் போகலயே."

ஃப்ரேகா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "உடுத்திட்டா அது சாமான் இல்ல, ஆளு," என்றாள் கடைசியில், தானே கண்டுபிடித்த மாதிரி. "வாடி, நானே பொத்தான் போட்டு விடறேன்."

உள்ளறையிலிருந்து கவுனை உடுத்திக்கொண்டு வந்த ஓர்லியின் கை, தன்னையறியாமல் கண்ணாடி மேலிருந்த மேசைவிரிப்புக்குப் போனது.

"தொடாத!" என்றாள் சோஹரா. "என்னப் பாரு. திரும்பு. தோள எறக்கு. ம்..."

"எப்படி இருக்கு அத்தை?"

"கண்ணாடி கெடக்குது, அதுக்கென்ன தெரியும்? இடுப்பு கச்சிதம். அழகா இருக்கடி. அழுவாத, கவுனு நனையும்."

துக்கத்தில் இருப்பவள் எழுந்து வழியனுப்பக் கூடாது. போய் வா என்றும் சொல்லக் கூடாது. சோஹரா மெத்தையிலேயே இருந்து, படியில் பட்டு உரசி இறங்குவதைக் கேட்டாள். துக்க வீட்டில் நடக்கும் மாலைப் பிரார்த்தனைக்கு ஏறிவந்த ஆண்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டிருக்க வேண்டும், யாரோ "பாத்து, பாத்து, மிதிச்சிடாத!" என்றார்கள்.

கவுன் தெருவை எட்டியதும் தாயின் குலவை கிளம்பியது. சாவு வீடு ஞாபகம் வந்து பாதியில் நின்றது.

"அறிவு கெட்டவ!" என்று ஃப்ரேகா ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"தெறந்தே இருக்கட்டும்க்கா." சோஹரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "மக்லூஃப் இருந்தா, மிச்சத்தயும் போடுடின்னு இங்கருந்தே கத்தியிருப்பான்."