தாரியா நிற்பாளா

...வரமாட்டாள் என்றுதான் இர்யா நினைத்திருந்தாள், வராமலிருந்தால் நல்லது என்றுகூட, பின் எதற்காக மதியச் சாப்பாடு ஆனதுமே ஏரிக்கரைச் சவுனாவின், அந்த நீராவிக் குளியல் குடிலின், அடுப்பை மூட்டினாள், எதற்காக இரண்டு துண்டுகளை எடுத்து ஆணியில் மாட்டினாள், தெரியவில்லை, இப்போது மேல் பலகையில் தாரியா உட்கார்ந்திருக்கிறாள், எப்போதும் உட்காரும் மூலையில், கண்ணை மூடிக்கொண்டு, சிவந்த தோள்களில் வியர்வை வழிய, முப்பது வருடச் சனிக்கிழமைகளில் இதுவும் ஒன்று என்பதைப் போல. உள்ளே நுழைந்தபோது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என்னடி, சூடே பத்தல, தலைவி வீட்ல விறகுக்கும் தட்டுப்பாடா?" இர்யா ஒரு கரண்டி தண்ணீரைக் கற்கள்மேல் ஊற்றினாள், கற்கள் சீறின, நீராவி எழுந்து கூரையில் முட்டி மெதுவாக இருவர்மேலும் இறங்கியது, தாரியாவின் முகம் மறைந்தது, அது ஒரு நிம்மதியாக இருந்தது. முகம் தெரியாவிட்டால் கேட்டுவிடலாமோ... திங்கட்கிழமை மதியத்தோடு வேட்புமனுக் கெடு முடிகிறது, தாரியா சுயேச்சையாக நிற்கப் போகிறாள் என்று தண்டர் பே ஊர் முழுக்கப் பேச்சு, மீன் கடையில் பேச்சு, பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து வைத்திருந்தபோது பல் டாக்டர்கூடக் கேட்டார். அவள் நின்றால் உழைப்பாளர் கட்சியின் ஓட்டு இரண்டாகும், இரண்டானால் எதிரணி நீலக்கட்சிக்காரர்கள் கோட்டைவிட மாட்டார்கள். போன தடவை தோற்றதே இர்யா ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்து ஒன்றில் ஏற்றிவிடக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில்தான், அப்போது கட்சிக்காக நின்றதும் தாரியாதான், அதற்கு முந்தைய முறையும் தாரியாதான்.

வெப்பம் காதுகளைத் தொட்டது, உடம்பு மெல்ல எடையிழந்தது, எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் ஆகிவிடும் இந்த நேரத்தில்... இந்தத் தடவை வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டமும் இப்படித்தான் நடந்தது, தண்ணீருக்கடியில். உக்ரேனிய மண்டபத்தில் நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள், ஒரு பக்கம் காகித ஆலைக்காரர்கள், ஆலை மூடிய பிறகும் தொழிற்சங்கச் சட்டையைக் கழற்றாதவர்கள், ஏரிக்கரையில் வரவிருக்கும் லித்தியம் ஆலை வேண்டும் என்பவர்கள், மறுபக்கம் அது வரவே கூடாது என்பவர்கள், பாதிக்குமேல் இளசுகள், அவர்கள் நிறுத்திய டெனிஸ் வபூஸ் என்ற பூர்வகுடிப் பெண், மேடையில் மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தத் தெரியாமல் எக்கி நின்று பேசினாள். "நான் பொறந்த ஊர்ல இன்னமும் தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். இங்க இருக்கிற ஏரியையும் காய்ச்சிக் குடிக்கிற நெலமைக்குக் கொண்டாந்துட்டு வேலை கொடுத்தோம்னு சொல்லாதீங்க." பிறகு ஆலைக்காரர்கள் நிறுத்திய தாரியா, குறிப்பு எதுவும் இல்லாமல், ஆலை வாசலில் பேசுவதைப்போல், "ஏரி அழகாத்தான் இருக்கும், பாத்துக்கிட்டே இருக்கலாம், ஆனா நம்ம புள்ளைங்க வேலைக்கு ஆல்பெர்டா போயிட்டா யாரு இருந்து பாக்குறது?" இரண்டும் சரியாகத்தானே இருந்தது, இரண்டுக்கும்தானே இர்யா உள்ளூரக் கை தட்டினாள். எண்ணினார்கள், சமம். மறுபடி எண்ணினார்கள், சமம். விதிப்படி இனி முடிவு கிளைத் தலைவியான இர்யாவின் ஓட்டு. மண்டபமே திரும்பிப் பார்த்தது, தாரியா பார்க்கவில்லை, அவளுக்குத்தான் தெரியுமே என்று மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள், ஜெயித்துவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட் பிடிப்பதற்காக... டெனிஸின் பெயர் சொல்லப்பட்டபோது இர்யாவின் கை உயர்ந்தது. அவள் உயர்த்தினாளா, தானாக மிதந்து வந்ததா? பொத்தானில் இருந்த தாரியாவின் விரல்கள் அப்படியே நின்றன, அவ்வளவுதான். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஆலைக்காரர்கள் வெளியேறிய சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கிளையில் எல்லாமே இரண்டு, இரண்டு வாட்ஸப் குழு, இரண்டு காபிப் பாத்திரம், போன ஞாயிறு நிதி திரட்டும் பான்கேக் விருந்துகூட ஒரே காலையில் இரண்டு இடத்தில், கல்யாண வீட்டுத் தோசைக்கல் அளவுக்கு இருக்கும் கட்சியின் இரும்புக்கல் ஆலைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது, மேப்பிள் பாகு டப்பாக்கள் டெனிஸ் பக்கம், அங்கே பாகில்லாத பான்கேக், இங்கே வாணலியில் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பாகில் முக்கியது, இரண்டு இடத்துக்கும் போய்ச் சாப்பிட்டது நீலக்கட்சி வேட்பாளர் மட்டும், சிரித்துக்கொண்டே.

சிரிப்பு வந்தது இர்யாவுக்கு, அடக்கிக்கொண்டாள். மேலிருந்து தாரியா, "எதுக்குடி சிரிக்கிற?" "ஒண்ணுமில்ல, இரும்புக்கல்ல நெனச்சேன்." மேலேயும் மூக்கால் ஒரு சிரிப்பு, "அது என் கேரேஜுலதான் கெடக்கு, பூனை ஏறிப் படுத்துக்குது." நீராவிக்குள் இருவரும் சிரித்தார்கள், அப்புறம் சிரித்ததற்காக வெட்கப்பட்டவர்கள்போல் நிறுத்திக்கொண்டார்கள். வெளியே ஏரியின் பனிப்பாளம் எங்கோ விரிந்து ஒரு நீண்ட முனகலை விட்டது, திமிங்கலம் புரள்வதுபோல, மார்ச்சில் அப்படித்தான், உடைவதா வேண்டாமா என்று அதற்கே தெரியாது... இர்யாவின் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும்கூட ஒரு சமயம் இப்படி, ஒரே கப்பலில் பின்லாந்திலிருந்து வந்தவர்கள், ஒரே மரம்வெட்டும் முகாமில் ஒரே ரம்பத்தின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தவர்கள், கட்சி உடைந்தபோது பே தெருவில் எதிரெதிராக இரண்டு மண்டபங்கள், இவர் இதில், அவர் அதில், இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே நாடகம், ஒரே நாளில். தாத்தாவின் சவ ஊர்வலத்தன்று தம்பி எதிர் மண்டபத்து வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாராம், தெருவைக் கடக்கவில்லையாம். எதற்காக உடைந்தது என்று இர்யா அப்பாவிடம் கேட்டபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "மாஸ்கோவுல ஏதோ தீர்மானம்" என்றார். ஏதோ தீர்மானம்... லித்தியமும் அப்படி ஒருநாள் ஏதோ ஆலை ஆகிவிடுமா? ஆகாது, இது நம் தண்ணீர், நம் பிள்ளைகளின் சோறு, ஆனால் தாத்தாவுக்கும் அது அப்படித்தானே இருந்திருக்கும்?

"வா, முங்கிட்டு வரலாம்" என்று தாரியா இறங்கினாள். வெளியே வெயில் பனிமேல் பட்டுக் கண் கூசியது, உடம்பிலிருந்து ஆவி பறக்க இருவரும் செருப்போடு பலகைப் பாதையில் ஓடினார்கள், அறுபது தாண்டிய இரண்டு கிழவிகள், ஏரிப் பனியில் வெட்டிய துளைக்குள் ஏணி பிடித்து இறங்கினார்கள், தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் நினைப்பு எல்லாம் அறுந்து, பெயர் அறுந்து, கட்சி அறுந்து, ஒரே ஒரு வெள்ளைக் கூச்சல் மட்டும், அது முடிந்ததும் ஒரு பெரிய சாந்தம்... அந்தச் சாந்தத்தில்தான் தாரியா பேசினாள், பற்கள் தந்தியடிக்க, ஏணியின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி. "நான் நிக்கக் கூடாதுன்னு அந்த டெனிஸ் பொண்ணு உன்னைக் கேக்கச் சொல்லியிருப்பாளே. இன்னும் நீ கேக்கல." "குளிருது, ஏறு மொதல்ல." "கேளு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கட்சித் தலைவியா கேட்டேன்னு வை, திங்கக்கிழமை போய் மனு போடுவேன், அடுத்த நிமிஷமே. இர்யாவா கேட்டா நிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு ஏறிவிட்டாள், ஈரக் கால்தடங்களைப் பனியில் விட்டுக்கொண்டு குடிலுக்கு நடந்தாள். இர்யா இன்னும் தண்ணீருக்குள், ஏற மறந்து. இர்யாவாக... எந்த இர்யா? தாரியாவை முதலில் பார்த்ததே பேருந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில், எண்ணெய்ப் பீப்பாயில் நெருப்பு மூட்டிக் கையைச் சூடேற்றியபடி, ஆலையிலிருந்து ஆதரவாக வந்திருந்தாள், கையில் சோறு பொதிந்து சுருட்டிய முட்டைக்கோஸ் இலைகள். புருஷன் ஏரோ செத்தபோது அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருத்தி தாரியா, அப்போதும் கோட்டில் கட்சிச் சின்னம் குத்தியிருந்தது. விடுமுறைக்குப் போனதெல்லாம் மாநாட்டுக்குத்தான், இர்யா அழுததெல்லாம் ஓட்டு எண்ணும் இரவுகளில்தான். அதையெல்லாம் உரித்துவிட்டு உள்ளே ஒரு இர்யா தனியாக உட்கார்ந்திருக்கிறாளா, அவளைத் தாரியாவுக்குத் தெரிந்திருக்கிறது, இர்யாவுக்குத்தான் அறிமுகம் இல்லையா? கால்விரல்கள் மரத்துவிட்டிருந்தன, ஏறினாள்.

உடைமாற்றும் அறையில் காபி கொதித்திருந்தது, ஏலக்காய் ரொட்டியின் வாசம், தாரியா துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு துண்டத்தைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள், நரைத்த முடியில் பனித்துகள் உருகிச் சொட்டியது, அவள் எதையும் எதிர்பார்க்காதவள்போல் ஜன்னலைப் பார்த்தாள், ஆனால் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். டெனிஸ் ஜெயிக்கலாம், இந்த ஒரு தடவை நிஜமாகவே ஜெயிக்கலாம், கருத்துக்கணிப்பு அப்படித்தான் சொல்கிறது, தாரியா மட்டும்... தாரியா இரண்டு முறை தோற்றவள், காலெல்லாம் வீங்க நடந்து தோற்றவள், அவள் நின்றிருக்க வேண்டிய இடம் அது, அந்தக் கை ஏன் மிதந்தது... "நிக்காத, தாரியா" என்றாள் இர்யா. தாரியா திரும்பினாள். "இப்பக் கேட்டது யாரு?" "நான்தான்." "நெஜமாவா?" "நான்தான்டி. வேற யாரு?" தாரியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தாள். "சரி. நிக்கல. அந்தப் பொண்ணுக்காக இல்ல, உங்க கட்சிக்காகவும் இல்ல, புரியுதா? உனக்காக." அவள் கண் கலங்கியிருந்தது, இத்தனை வருடத்தில் கலங்கிப் பார்த்ததில்லை, இர்யாவின் ஈரத் தலையைக் கையால் ஒருமுறை அழுத்திவிட்டு, உடுப்பையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு போனாள். உங்க கட்சி என்றாள், நம்ம என்று சொல்லவில்லை, அது கார் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது.

டெனிஸுக்குப் போன் செய்து தாரியா நிற்கவில்லை என்றாள், அந்தப் பக்கம் அலுவலகம் முழுக்கக் கூச்சல், கைதட்டல், யாரோ விசிலடித்தார்கள், "இர்யா, எப்படிங்க சாதிச்சீங்க, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" ஒண்ணும் சொல்லல, கேட்டேன், என்றாள் இர்யா, வைத்துவிட்டாள். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அடுப்பில் தணல் சரிந்தது. அந்த நான்தான்... அது எவ்வளவு சுலபமாக வந்தது, கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் இளகி, கடைசியில் லேசாக ஒரு சிரிப்பை வைத்து, அதை எங்கே கேட்டிருக்கிறாள்... வாசல் வாசலாக ஓட்டுக் கேட்டுப் போகும்போது, சங்கிலியை எடுக்காமல் பாதிக் கதவைத் திறந்து யாரு என்பார்களே, கதவு மூடுவதற்குள் சொல்லியாக வேண்டிய பதில், அத்தனை வருடமும் அத்தனை கதவையும் திறக்கவைத்த குரல் அது. இர்யா உடைமாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்தாள், யாரும் இல்லை, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, வாய்விட்டு மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், நான்தான், என்று, அப்போதும் அதே குரல்தான் வந்தது.