பீரோவா, அம்பா?

ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுப்பதுபோல் கால்பந்துக்கு ஆள் எடுத்தால் எவனுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? வெல்டருக்கு வந்தது. தொழிற்சாலை அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். சாயங்காலம் ஆட்டம். தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. சமன் செய்தாலும் தப்பிக்கலாம்.

வாசலில் யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதும் டைம் கீப்பர்தான் அணிக்குச் செயலாளர். காலையில் இரண்டு பேரைக் கிடங்கிலிருந்து வாசல்வரை ஓடவிட்டார். பெயிண்டர் அம்பு பன்னிரண்டு விநாடி. மூட்டை ஏற்றும் பீரோ பதினேழு; இரண்டும் பட்டப்பெயர்தான்.

“முன்னால நிக்கப்போறது ஒரே ஆளு. அது அம்புதான். வாட்ச் பொய் சொல்லாது.”

“வாட்ச்சா சார் பந்தை வாங்கப்போவுது? நடுவுல ஆடுற அஞ்சு பேருக்கும் முட்டி தேஞ்சுபோச்சு. அவங்க ஏறி வர்ற வரைக்கும் ஒருத்தன் பந்தை வெச்சுக்கிட்டு நிக்கணும். முதுகுல ரெண்டு பேரு தொங்கினாலும் அசையக்கூடாது. அதுக்கு பீரோதான்.”

“பீரோ உங்க மச்சினன்தானே?”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வெல்டர் பேனாவைப் பிடுங்கினார். “எப்படியோ போங்க” என்று பட்டியலில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தார்.

அம்பு ஓடினான். என்ன ஓட்டம்! ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்துத் திரும்பினால் எதிராளி நான்கு பேர்; நம் ஆள் ஒருவனுமில்லை. பந்து பறிபோகும். பாதி தூரம் ஏறிவந்த ஐவரும் மூச்சிரைக்கத் திரும்ப இறங்குவார்கள். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று.

“அம்பு, உன்மேல தப்பில்ல, உக்காரு. டேய் பீரோ, எழுந்திரு!”

“இப்பதான் கண்ணு தெரியுதா மாமா?”

“வாயை மூடிக்கிட்டுப் போடா!”

பீரோ போய் நின்றான். கோலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு தடியன்களைத் தோளில் சுமந்துகொண்டு, பந்தைக் காலடியில் அடக்கி வைத்தான். ஐவரும் நிதானமாக வந்து சேர்ந்தார்கள். தள்ளிக் கொடுத்தான், ஃபிட்டர் அடித்தார், கோல். இன்னொன்று கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அதற்குள் விசில்.

இரண்டுக்கு ஒன்று. அணி போயிற்று.

டைம் கீப்பர் நோட்டை நீட்டினார். “பாத்தீங்களா? உங்க மச்சினன் ஒரு கோல்கூட போடல.”

“யோவ்!” என்று வெல்டர் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார்.

“அவரை விடுங்க மாமா.” பீரோ ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. “அவருக்கு ஆட்டம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? நாலு பேரு சிரிச்சா கையெழுத்து போட்டுடுவீங்களா?”

வெல்டரின் கை தானாக இறங்கியது. டைம் கீப்பருக்கென்று வாய்நிறைய வைத்திருந்த வசவு அப்படியே நின்றது. அதை இப்போது யார் தலையில் கொட்டுவது? ஐவரும் வியர்வைச் சட்டைகளைக் கழற்றிக் கோணிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.